மின்ட் கம்மி

புதினா சாக்லேட்டை ருசி பார்க்கும் அறைக்குள் எந்த வாசனையும் பூசிக்கொண்டு வரக் கூடாது என்று பதினோரு விதிகள் எழுதி, லேமினேட் செய்து, கதவில் ஒட்டியவன் நான். அதே அறைக்குள் ஏறக்குறைய மூன்று வாரம் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, 'மின்ட் கம்மி, மின்ட் கம்மி' என்று தீர்ப்புச் சொன்னவனும் நானே. அதனால் ஒருவருடைய வேலை போக இருந்தது. தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "உங்க சர்வீஸ்ல ஏதாவது சொல்லுங்க சார்" என்று கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதில்லை. மற்றவர்கள் செய்த தப்புகளே போதுமான அளவு கையிருப்பில் இருந்தன.

1. நாக்கு என்னும் மெஷின்

ஒரகடம் பக்கம் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், அவற்றுக்கு வேண்டிய சகல உறுப்புகளும் செய்கிறார்கள். நடுவில் நாங்கள் சாக்லேட் செய்தோம். சாயங்காலம் ஜங்ஷனில் டீ குடிக்க நின்றால் பக்கத்தில் நிற்பவர் சட்டையில் கிரீஸ் இருக்கும், என் சட்டையில் கோகோ இருக்கும். பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. அவர் என்னையும் கியர் பாக்ஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டு பேசுவார். நானும் திருத்தியதில்லை. சாக்லேட் ருசி பார்க்கிற வேலை என்று சொன்னால் எந்த ஆண்பிள்ளையும் அதற்கப்புறம் சமமாகப் பேசுவதில்லை.

"தின்னுறதுக்குச் சம்பளமா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். தின்பதில்லை, துப்புகிறோம் என்று விளக்கினால் மதிப்பு இன்னும் இறங்கும்.

எங்கள் சரக்கு, நடுவில் புதினாக் குழம்பு வைத்த கறுப்புச் சாக்லேட். சர்க்கரைப்பாகைக் கடைந்து கடைந்து வெள்ளையாக்கி, அதில் புதினா எண்ணெய் ஊற்றி, மேலே சாக்லேட் ஓடு மூடுவார்கள். அந்த வெள்ளைக் குழம்புக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். இதை ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் காதருகே வைத்து உடைக்க வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்தால் ஓடு சரி. பிறகு ஒரு துண்டை நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்திக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மெல்லக் கூடாது. முதலில் கோகோவின் கசப்பு, அடுத்துச் சர்க்கரை, மூன்றாவதாகக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி தொண்டையிலிருந்து மூக்கின் பின்பக்கமாக ஏறி வர வேண்டும். முதலிலேயே வந்துவிட்டால் அது பற்பசை. கடைசிவரை வராவிட்டால் அது கல்யாணத்தில் மிஞ்சிய பாகு. பார்த்து முடித்ததும் பேப்பர் கப்பில் துப்பிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து, நாலு பொரி மென்று, அடுத்த சாம்பிளுக்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

பத்து நிமிஷம் எதற்கென்றால், புதினாவுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே இருந்துவிட்டால் அது இருப்பது தெரியாமல் போய்விடும். முதல் துண்டில் 'ஆகா' என்று சொன்ன நாக்கு, அடுத்ததை உடனே கொடுத்தால் 'என்னத்தைப் போட்டே?' என்று கேட்கும். இதை நான் ட்ரெய்னிங் கிளாஸில் படம் போட்டு விளக்குவேன். கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

மின்ட் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடும் கருவிகள் இருக்கின்றன. எங்கள் பிளான்ட்டில் இல்லை. வேண்டுமென்றால் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். மற்றபடி மெஷின் என்றால் ஒன்பது நாக்குகள்தான். அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், பேக்கிங் என்று பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த எட்டுப் பேர், ஒன்பதாவது நான். பேனல் என்று சொல்வோம். நான் பேனல் லீடர்.

லீடர் என்ற முறையில் நான் கண்டிப்பானவன். ஒரு வெள்ளிக்கிழமை அக்கவுன்ட்ஸ் ஜெயந்தி மேடம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஒரு முழம்கூட இல்ல சார், நாலே நாலு பூ. கோயில்ல குடுத்தாங்க."

"மூக்குக்கு நாலும் ஒண்ணுதான், நாப்பதும் ஒண்ணுதான் மேடம்."

எடுத்துவிட்டு வந்தார். கூந்தலில் வாசனை தங்கியிருக்கும் என்று சொல்லி அன்றைக்கு அவரைச் சேர்க்கவே இல்லை. "வூட்டுக்காரர்கூட இவ்ளோ கவனிச்சதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

2. கழுத்து

தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ். படப்பை தாண்டும்போது எனக்குத் தூக்கம் வரும். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு வேகத்தடையில் விழிப்பு வரும். பல வருஷமாக இந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துப்போய்க்கொண்டிருந்தது, எனக்கும் வேகத்தடைக்கும். ஒருநாள் தலை ஜன்னல் பக்கம் தொங்கியபடி தூங்கியிருக்கிறேன். விழித்தபோது கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் வலப்பக்கத்தில் இருந்தவர்களோடு உடம்பையே திருப்பிப் பேசினேன். மரியாதை கூடிப்போனதாக நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் கழுத்துப்பட்டை போடச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு பிளான்ட்டுக்குள் நடந்தால் சேஃப்டி ஆபீசர் விபத்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிடுவார். மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்த பச்சைத் தைலம் ஒன்று வீட்டில் இருந்தது. சுண்டுவிரல் உயரக் குப்பி. கற்பூரம், நீலகிரித் தைலம், மென்தால். அந்த மென்தால் என்பது வேறொன்றுமில்லை, எங்கள் சாக்லேட்டில் குளிர்ச்சி தருகிற அதே வஸ்துதான். குப்பியின் லேபிளில் முதல் பெயராகவே அச்சடித்திருந்தது. படிக்கத் தெரிந்தவன்தான் நான்.

காலை பத்து மணிக்கு ஒருதரம் தேய்த்தால் மத்தியானம் வரை கழுத்து கேட்கும். எங்கே வைத்துத் தேய்ப்பது? தாழ்ப்பாளும் ஏசியும் ஒன்றாக இருந்த அறை ஒன்றுதான், ருசி பார்க்கும் அறை. பேனல் பத்தரைக்கு. நடுவில் அரைமணி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காவது விதி தைலம், சென்ட், பவுடர் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுத்திருந்தது. ஆனால் 'பேனல் உறுப்பினர்கள்' என்று ஆரம்பித்தது. நான் லீடர். இந்த மாதிரி நுணுக்கங்கள் எனக்குத் தேவைப்படும் நேரத்தில் தானாகவே தோன்றும்.

அறை சின்னது. ஜன்னல் இல்லை. ஏசி அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றும். உள்ளே வந்தவர்கள் கேட்கவில்லையா என்றால், மின்ட் ருசி பார்க்கிற அறையில் மின்ட் மாதிரி வாசம் அடித்தால் யார் கேட்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பேனலிலும் பழைய, சரியென்று ஒப்புக்கொண்ட ஒரு சாம்பிளைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது முறை. ரெஃபரன்ஸ் என்போம். புதியது மட்டமா, அல்லது நம் நாக்குதான் மட்டமா என்று அதை வைத்துத்தான் தெரியும். ஒரு சாம்பிள் கூடினால் பத்து நிமிஷம் கூடுகிறது என்று சொல்லி, அந்த வருஷம் அதை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

"ரெஃபரன்ஸ் வேண்டாமா சார்?" என்று லேப் கெமிஸ்ட் முத்துமாரி அப்போதே கேட்டார்.

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

3. அமுதா

முதல் வாரம் ஐந்து பேர் 'மின்ட் கம்மி' என்று டிக் அடித்தார்கள். இரண்டாவது வாரம் ஏழு. மூன்றாவது வாரம் ஒன்பதும். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கர் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"சார், எண்ணெய் கரெக்டா எடை போட்டுத்தான் ஊத்தறாங்க. லாக் புக் இருக்கு, ஸ்டோர்ஸ் கணக்கும் டேலி ஆவுது. அப்புறம் எங்க போவுது மின்ட்?"

"சூட்டோட ஊத்தினா பறந்துடும்," என்றேன்.

இது உண்மை. ஃபாண்டன்ட் கெட்டிலில் அறுபது டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆறுவதற்குள் ஊற்றினால் பாதி ஆவியாகிப் போய்விடும். எடை சரியாக இருக்கும், ருசி இருக்காது. பேட்ச் சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவசரப்படுகிற ஆபரேட்டர் செய்யக்கூடிய காரியம். எனக்குத் தெரிந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு, தெரியாத ஒருவர்மேல் குற்றம் கட்டினேன்.

"அப்ப அமுதாதான்," என்றார் பாஸ்கர். "எதுக்கும் சென்னை லேபுக்கு ஒரு சாம்பிள் அனுப்பிப் பாத்துடலாமா சார்?"

"ஒம்போது நாக்கு பொய் சொல்லுமா பாஸ்கர்?"

அவர் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வாக்கியம் கேட்பதற்கு நன்றாகவும் இருந்தது.

அமுதா வடக்குப்பட்டுக்காரர். ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் ஃபாண்டன்ட் கெட்டில் பார்க்கிறார். கான்ட்ராக்டிலிருந்து மூன்று பேரைக் கம்பெனி ரோலுக்கு, அதாவது நிரந்தர வேலைக்கு, எடுக்க அந்த மாதம் லிஸ்ட் போட்டிருந்தார்கள். அதில் அவர் பெயர் இருந்தது. ரோலுக்கு வர வயது வரம்பு முப்பத்தைந்து. அவருக்கு முப்பத்தைந்து முடிய சில மாதங்களே இருந்தன. இந்த லிஸ்டில் விட்டால் அடுத்தது கிடையாது. வெள்ளிக்கிழமை பதினோரு மணி மீட்டிங்கில் பெயர்கள் முடிவாகும். என் ஷீட் அங்கே போய்விட்டால் பெயர் அடிபடும். கான்ட்ராக்டரிடம் 'வேற ஆள் அனுப்பு' என்றும் சொல்லிவிடுவார்கள்.

புதன்கிழமை காலை பேனல் முடிந்ததும் விசாரிப்பதற்காக அவரை ருசி பார்க்கும் அறைக்கே வரச் சொன்னேன். மற்ற இடங்களில் காது அதிகம்.

"உள்ள வாம்மா. உக்காரு."

"பரவால்ல சார், நிக்கறேன்."

"சூடா இருக்கும்போதே எண்ணெய் ஊத்துறியாமே?"

"யாரு சார் சொன்னது? சூட்டுல ஊத்தனா ஆவி நேரா மூஞ்சிலதான் அடிக்கும். கண்ணத் தொறக்க முடியாது. ஒரு தபா ஊத்திப் பாருங்க, ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வர மாட்டீங்க."

"சரி, இது நேத்து நீ போட்ட பேட்ச். வாயில போட்டுப் பாத்துட்டு நீயே சொல்லு."

"வேணாம் சார். காலைலேர்ந்து எண்ணெய்லயே நின்னுகினு கீறேன். இப்ப எனுக்கு இன்னா தெரியும்? இதுல அரை டின்னு ஊத்திக் குடுத்தாலும் சப்புனுதான் இருக்கும்."

நான் கிளாஸில் படம் போட்டு விளக்கி, கைதட்டல் வாங்கிய விஷயம் முழுவதும் இந்த இரண்டு வரியில் இருந்தது. நோட்டில் 'கேள்வியைத் தவிர்க்கிறார்' என்று எழுதிக்கொண்டேன்.

"ஒம்போது பேர் கம்மின்னு சொல்றாங்கம்மா."

அமுதா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "சரி சார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குற்றமுள்ளவர்கள் இப்படித்தான் சட்டென்று அடங்குவார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். நிறையப் படிப்பதில் இதெல்லாம் கஷ்டம்.

4. ஆறாம் நம்பர்

வியாழக்கிழமை ருசி அறையின் ஏசி சொட்டுச்சொட்டாக ஒழுகியது. மெயின்டனன்ஸ்காரர்கள் அதைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பேனலை ட்ரெய்னிங் ஹாலில் வைத்தோம். பெரிய ஹால், நாலு பக்கமும் ஜன்னல், தலைக்குமேல் மின்விசிறி, வெளியே கார் ஏற்றிப்போகும் ட்ரெய்லர்களின் ஹாரன். இந்தச் சந்தடியில் ருசி பார்த்தால் உருப்படுமா என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். சாம்பிள், புதன்கிழமை அமுதா வாயில் போட மறுத்தாரே, அதே பேட்ச்.

ஷீட்டில் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் யாருக்கு என்று முத்துமாரி தினமும் மாற்றிவிடுவார். பட்டியல் அவரிடம் மட்டும் இருக்கும். நான் யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாது என்று நானே ஏற்படுத்திய முறை இது.

ஷீட்டுகளை அடுக்கிப் பார்த்தேன். எட்டுப் பேர் 'மின்ட் சரி' என்று போட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் 'மிகவும் கம்மி'. மூன்று வாரம் கம்மி என்று சொன்னவர்கள் ஒரே நாளில் எப்படி மாறினார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எதுவானாலும் எட்டுப் பேரோடு ஒத்துப்போகாத அந்த ஒரு நாக்கு பேனலுக்கு லாயக்கில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, 'ஆறாம் எண்: உணர்திறன் இல்லை, நீக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"முத்துமாரி, இந்த ஆறாம் நம்பரை நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு. நாக்கு செத்துப்போச்சு. யாரது, ஸ்டோர்ஸ் ஆளா?"

முத்துமாரிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பட்டியலைப் பார்த்தார். திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"சார், ஆறாம் நம்பரு நீங்கல்லா சார்."

"சரியாப் பாரும்மா," என்றேன். ஹாரன் எரிச்சலில் என் ஷீட்டின் எண்ணையும் நான் பார்க்கவில்லை, கை பழக்கத்தில் எதில் டிக் அடித்தது என்பதையும் கவனிக்கவில்லை.

"மூணு மட்டம் பாத்துட்டேன் சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "வேணும்னா நம்பர மாத்தி எழுதிரட்டுமா சார்? ஒருத்தருக்கும் தெரியாது," என்றார்.

நான் யோசிக்கும்போது பிடரியைத் தேய்ப்பது வழக்கம். தேய்த்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே விரல்களால் கண்ணைத் துடைத்தேன். தைலம் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டியது.

"ஐயோ, இதுக்குப் போயி எதுக்கு சார் அழுதுக்கிட்டு," என்று முத்துமாரி பதறிவிட்டார். "எல்லாருக்கும் ஒரு நாளு வாறதுதானே சார்."

அழவில்லை என்று சொல்வதற்குள், எதனால் அழுகிறேன் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

கழுத்தை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். சட்டையை மாற்றி, மெயின்டனன்ஸ் ஆளிடம் ஒரு ஓவர்கோட் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நாலு மணிக்கு அதே ஹாலில் முத்துமாரி எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மும்மூன்று துண்டுகள் வைத்தார். மூன்றில் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று மட்டும் வேறு. பழைய ரெஃபரன்ஸும் அமுதாவின் பேட்சும் கலந்தவை. எது வேறு என்று கண்டுபிடித்துவிட்டால் அமுதாவின் மின்ட் நிஜமாகவே குறைவு. நான் முதல் துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கசப்பு, சர்க்கரை, அப்புறம் குளிர்ச்சி மூக்குவரை ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. மூன்றாவதிலும் ஏறியது. எது வேறென்று எனக்குத் தெரியவில்லை, குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டினேன், தப்பு. மற்ற இருவர் காட்டியதும் தப்பு.

அமுதா ஊற்றிய எண்ணெயில் ஒரு குறையும் இல்லை.

5. சுற்றுச்சூழல் காரணிகள்

அன்று சாயங்காலம் பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. கழுத்து வலியும் ஒரு காரணம்.

பேசாமல் இருந்துவிடலாம். தைலத்தை நிறுத்திவிட்டால் அடுத்த வாரம் ஸ்கோர் தானாகவே ஏறிவிடும். முத்துமாரிக்கு ஆறாம் நம்பர் மட்டும்தான் தெரியும், குப்பி தெரியாது. அவர் வாய் திறக்கமாட்டார். ஆனால் ஸ்கோர் ஏறினால் என்ன அர்த்தமாகும்? ஆபரேட்டரை மாற்றியதும் மின்ட் சரியாகிவிட்டது என்றாகும். நான் வாயை மூடிக்கொண்டு யோக்கியனாக நடந்துகொண்டால் அதுவே அமுதாமேல் குற்றத்தை உறுதிப்படுத்திவிடும். இதைவிடக் கச்சிதமாக ஒருவரை வேலையிலிருந்து கிளப்ப முடியாது. இத்தனைக்கும் நான் திட்டமிடவே இல்லை.

சொல்லிவிட்டால்? ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருந்தது. அதுவரை கேன்டீனில் என்னைப் பார்த்தவுடன் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் உட்கார்ந்து மீட்டிங்கில் படிப்பதற்கு நாலு வரி எழுதினேன். முதல் வரியிலேயே 'சுற்றுச்சூழல் காரணிகளால் மதிப்பெண்களில் ஏற்பட்ட மாறுபாடு' என்று வந்திருந்தது. என் கழுத்தைச் சுற்றுச்சூழல் என்று அழைக்கும் அளவுக்கு எனக்கு எழுத வந்ததே என்று ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் பிளான்ட் ஹெட், எச்.ஆர். அதிகாரி, பாஸ்கர், நான். லிஸ்டில் இருந்த மூவரையும் வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு பெயர்கள் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவது பெயர் வந்தது.

"இவங்க வேணாம் சார்," என்றார் பாஸ்கர். "வேலைல ஷார்ட்கட் போடறாங்க. மூணு வாரமா மின்ட் கம்மி. பேனல் ஷீட் இருக்கு."

பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். எச்.ஆர். அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். நான் இன்னொரு வாய் தண்ணீர் குடித்தேன். அவர் பேனாவைப் பெயர்மேல் வைத்தே விட்டார்.

"ஷீட் தப்பு," என்றேன்.

"எந்த ஷீட் சார்?" என்றார் பாஸ்கர்.

"மூணு வாரத்து ஷீட் எல்லாமே."

சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எங்கே தேய்த்தேன், எப்போது தேய்த்தேன், ரெஃபரன்ஸை யார் எடுத்தது, லேபுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னது யார், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய தப்புகளுக்கு நிறைய நேரம் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிளான்ட் ஹெட் குப்பியைத் திறந்து முகர்ந்தார். "முட்டி வலிக்குக் கேக்குமா இது?" என்றார்.

"கேக்கும் சார்."

பாஸ்கர் என்னைப் பார்க்கவில்லை. "ஒம்போது நாக்குன்னு சொன்னீங்களே சார்," என்றார் மேஜையைப் பார்த்துக்கொண்டு. "நான் அந்தப் பொண்ணை லைன்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

"நீங்க போய் அவங்ககிட்ட பேசுங்க பாஸ்கர்," என்றார் பிளான்ட் ஹெட். பிறகு என்னிடம், "நீங்க கரெக்டிவ் ஆக்‌ஷன் எழுதிக் குடுங்க. லேபுக்கு இன்னிக்கே சாம்பிள் போவணும். பேனலை வேற யாராவது பாக்கட்டும்," என்றார்.

எச்.ஆர். அதிகாரி பேனாவை எடுத்துவிட்டு, பெயருக்கு நேராக டிக் அடித்தார்.

6. கற்றுக்கொண்டது

லேப் ரிப்போர்ட் பிறகு வந்தது. மின்ட் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. பேனல் முத்துமாரியின் பொறுப்புக்குப் போனது. அவர் முதல் வேலையாக ரெஃபரன்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டாவது வேலையாக, அறை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவது என்று வைத்தார். என்னை மட்டும் இரண்டு தடவை. ஜெயந்தி மேடம் ஒருநாள் அதை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒன்பது பேர் ஒரே மாதிரி சொன்னால் ஒன்பது பேரும் சரியாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும்தான் அதிலிருந்து நிச்சயமாகத் தெரியும். கெட்டில் பக்கம் போவதற்கு முன்னால் அறையைப் பாருங்கள். அறையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களை முகர்ந்து பார்க்க வேறொருவரைக் கூப்பிடுங்கள். உங்கள் மூக்குக்கு அது தெரியாது.

அடுத்த வாரம் கேன்டீனில் அமுதாவைப் பார்த்தேன். புது ஐ.டி. கார்டு போட்டிருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்னை மன்னிச்சுடும்மா. தப்பு முழுக்க என்னோடது."

"பரவால்ல சார். பாஸ்கர் சாரும் வந்து சொன்னாரு."

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

"தைலம்னு ஒருத்தருக்கும் தெரியாதும்மா. நானா கண்டுபிடிச்சு, நானாத்தான் போய்ச் சொன்னேன்."

"எனுக்கு புதன்கெழமையே தெரியும் சார்," என்றார் அமுதா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "ரூமுக்குள்ள கால வெச்சதுமே தெரிஞ்சிபோச்சு. எங்க மாமியாருக்கு ராவும் பகலும் அதான். எண்ணெ வாசனை வேற, தைலம் வேற. ஆறு வருசமா ஊத்தறவளுக்கு இதுகூடவா தெரியாது?"

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா அதையும் நோட்டுல எழுதிக்குவீங்க. மீட்டிங்ல எல்லாரையும் வெச்சிகினு உங்க கழுத்த மோந்து பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன். பெரிய மனுசன், தானா சொல்றாரா பாப்போம்னு ரெண்டு நாளு வுட்டேன்." ஒரு வாய் சாப்பிட்டார். "உள்ள பேசறது வெளிய கேட்டுது. கதவுல கைய வெச்சிட்டேன் சார். அப்பறம்தான் நீங்க வாயத் தொறந்தீங்க."